முப்பத்தேழாம் நம்பர் ரைபிள்

துப்பாக்கியைத் துடைப்பவன் ஓர் இனத்தின் வரலாற்றையே துடைத்துத் தருகிறான்.

இந்த வரியைக் கணேசமூர்த்தி தம் திறப்புவிழா உரைக்காக எழுதி வைத்திருந்தார். எழுதியதும் மூன்று முறை உரக்கப் படித்தார். மூன்றாவது முறை அவருக்கே கண் கலங்கிவிட்டது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புக் கொளுத்தக்கூட ஊதுபத்தியைத் துணி உலர்த்தும் கம்பின் நுனியில் கட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுகிற மனிதர் அவர். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி பவானேஸ்வரிக்கு இது தெரியும். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர் கணேசமூர்த்தி. ஓய்வுபெற்ற மறுவாரமே மலாக்கா தோட்ட வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கி அதற்குத் தலைவரானார். உறுப்பினர்கள் மூன்று பேர். அவர், அவர் மனைவி, பிறகு புலாவ் செபாங்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் குத்புதீன். குத்புதீன் ஏதோ நன்கொடைத் தாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், செம்பனைகளுக்கு நடுவே, வெள்ளைக்காரச் சின்னத்தொரை ஒருவர் குடியிருந்த பழைய பங்களா பூட்டிக் கிடந்தது. அதைக் கண்காட்சி இல்லமாக்கத் தோட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் கணவனும் மனைவியும் இரண்டு பெட்டி, ஒரு சோற்றுப் பானை, ஒரு மின்விசிறியோடு வந்து இறங்கினார்கள். உள்ளே வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை. தரையில் மிதித்தால் பலகை ஒரு நொடி தாமதித்துத்தான் முனகியது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால், வாசலைப் பார்த்தபடி, கைவைத்த பிரம்பு நாற்காலி ஒன்று கிடந்தது. கணேசமூர்த்தி அதில் உட்கார்ந்து பார்த்தார். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

மூன்றாம் நாள் மழை ஒழுகியது. ஏணி வைத்துக் கூரைக்குள் தலையை நீட்டியவர் கையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய நீள மூட்டை தட்டுப்பட்டது.

ரைபிள்.

துருப்பிடித்து, கரையான் தொட்டு, தோல் வார் மரக்கட்டை போல விறைத்திருந்தது. அடிக்கட்டையில் பித்தளை வில்லை ஒன்று பதித்திருந்தது. அதில் 37.

மறுநாள் அவர் குத்புதீன் கடைக்குப் போய் உப்புத்தாள், மண்ணெண்ணெய், ஆளிவிதை எண்ணெய், துரு நீக்கும் எண்ணெய் எல்லாம் கேட்டார்.

“எதுக்குண்ணே?”

“ஒரு மரச்சாமான், பாய்.”

“மரச்சாமான்ல எங்கண்ணே துரு பிடிக்கும்?”

கணேசமூர்த்தியால் பெருமையை அடக்க முடியாது. இரகசியத்தைக் கடை மேசைமேல் குனிந்து சொன்னார். குத்புதீன் கையிலிருந்த எண்ணெய் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அண்ணே, லைசென்ஸ் இல்லாமத் துப்பாக்கி வச்சிருந்தா பதினாலு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளுவாங்க. பிரம்பால ஆறு ரோத்தானுக்குக் குறையாம அடி வேற.”

“சட்டம் நானும் படிச்சிருக்கேன். அம்பது வயசு தாண்டினவனுக்கு ரோத்தான் கிடையாது.”

“அப்ப வெறும் பதினாலு வருஷம்தானா? நல்லதுலா.”

“பழஞ்சாமான், பாய். குண்டுகூட இல்லை.”

“சட்டத்துக்குப் பழசு புதுசு தெரியாதுண்ணே. போலீசுக்குப் போன் போடுங்க, அவங்க வந்து எடுத்துக்கட்டும். நீங்களாத் தூக்கிட்டு ரோட்டுல இறங்கிடாதீங்க. அது வேற கேசு.”

“கொடுக்கமாட்டேன்னு சொன்னேனா? துருவோட கொடுத்தா நம்ம இனத்துக்கே கேவலம். துடைச்சுக் கொடுப்பேன்.”

துடைத்தார். ஒருநாள் இருநாள் இல்லை, இரண்டு மாதம். போலீசுக்குச் சொல்வது நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போனது. ரைபிள் வெளுக்க வெளுக்க அதைக் கொடுக்க மனம் வரவில்லை. கண்காட்சிக்கென்று வாங்கிய, தொரைமார் போடுகிற காக்கி அரைக்கால் சட்டையும் சோலாத் தொப்பியும் அணிந்துகொண்டு, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அதை வைத்து எண்ணெய் தடவுவார். அசல் தோற்றம் வேண்டுமாம். பவானேஸ்வரி அவரைப் பார்க்காமலே தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

ஒன்று மட்டும் போகவில்லை. அடிக்கட்டையில், சுடுகிறவன் கன்னத்தை வைக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கருப்புக் கறை. வியர்வை ஊறி ஊறி மரம் குடித்த கறை. உப்புத்தாள் போட்டு மரம் வெளுக்கும்வரை தேய்ப்பார். காலையில் பார்த்தால் அதே இடத்தில், அதே அகலத்தில் இருக்கும்.

தொட்டால் ஈரம்.

ஆயுத பூஜை வந்தது. புல்வெட்டும் மெஷின், மோட்டார் சைக்கிள், சுத்தியல், கணேசமூர்த்தியின் மைப்பேனா எல்லாம் வரிசைக்கு வந்தன. ரைபிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் விஜயதசமி. பவானேஸ்வரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மெஷின் ஒரு கைப்பிடிப் புல் வெட்டியது. மோட்டார் சைக்கிள் ஒரு சுற்றுப் போய் வந்தது. பேனா பிள்ளையார் சுழி போட்டது. ரைபிள் மட்டும் மாலையோடு கிடந்தது.

“ஏங்க, பூஜையில வச்ச சாமானை மறுநாள் எடுத்து ஒரு வேலையாச்சும் செய்யணும். இதை என்ன செய்யிறது?”

“இதை வச்சு யாரைச் சுடச் சொல்றே?”

“அப்புறம் எதுக்கு வச்சீங்க? கும்பிட்டுட்டு வேலை கொடுக்காம விட்டா, அது அதுக்கு உண்டான ஆளைத் தேடாதா?”

கணேசமூர்த்தி சிரித்தார். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, ரைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

அன்று மாலை ஆறரை. இந்த நாட்டில் அந்த நேரத்துக்கு இன்னும் நல்ல வெளிச்சம். பேய் பிசாசுக்கு யாரும் ஒதுக்கித் தராத நேரம். கணேசமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். வெளியே யாரோ நடந்துவரும் சத்தம். சரளைக் கற்கள்மேல் கனத்த பூட்ஸ். சரக், சரக், சரக். அவசரமில்லாத, எண்ணி வைக்கிற அடி.

படிக்கட்டில் ஏறி நின்றது.

குதிகால் இரண்டும் ஒன்றோடொன்று மோதின.

எழுந்து போய்ப் பார்த்தார். யாருமில்லை. திரும்பும்போதுதான் மூக்கில் ஏறியது. துப்பாக்கி எண்ணெயும் நனைந்த காக்கித் துணியும் சுருட்டுப் புகையும் கலந்த வாடை. அதற்கு அடியில் கசப்பாக இன்னொன்று. கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, ரைபிள் நின்றிருந்தது.

சாவி இடுப்பில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. பங்களா வாசலில் சரளைக்கல்லே கிடையாது. வெறும் புல்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் மேசைமேல் இருந்த வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. பெரிய மனிதர்கள் வந்து கையெழுத்திடுவதற்காகத் தங்க ஓரம் போட்டு வாங்கிய பதிவேடு அது. தேதி, நேரம், பெயர், கையொப்பம், குறிப்பு என்று பத்திகள். முதல் பக்கத்தில், தமிழ்ப்பள்ளியில் பிரம்புக்குப் பயந்து கற்ற குண்டு எழுத்தில், பென்சிலால், நாளுக்கு ஒரு வரியாக மூன்று வரி:

6.00. எண் 37. பெரியதம்பி. ரைபிள் ஒன்று. என் காவலில்.

மூன்றிலும் கையொப்பப் பத்தி காலி.

“இது உன் வேலையா?” என்று மனைவியிடம் கேட்டார்.

பவானேஸ்வரி எழுத்தைப் பார்த்தாள். பக்கத்தைத் தொடவில்லை. “பெரியதம்பிங்கிறது யாருங்க?” என்றாள், மெல்ல.

நான்காம் நாள் பிற்பகல் கணேசமூர்த்தி ரைபிளைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு செம்பனைக்குள் போனார். இருநூறு அடி தூரத்தில் சேறு நிறைந்த பெரிய வடிகால். உள்ளே போட்டார். சேறு வாயைத் திறந்து மூடிக்கொண்டது. வரலாறு, இனம், திறப்புவிழா உரை எதுவும் அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

ஆறரைக்கு அது கதவருகே நின்றது. சேறில்லை. புது எண்ணெய் மின்னியது. கன்னக்கறை முன்னைவிடக் கருத்திருந்தது. காய்ந்த பலகைத் தரையில் ஈரமாக இரண்டு பூட்ஸ் தடங்கள். குதிகால்கள் சேர்ந்து, நுனிகள் நாற்காலியைப் பார்த்திருந்தன.

தோட்டத்துக் காவல்காரர் ஜாகா சின்னத்தம்பியை அழைத்துவந்து, நடந்ததையெல்லாம் சொல்லிப் பதிவேட்டைக் காட்டினார். எழுபது வயதுக்காரர். பெயரைப் படித்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்க பெரியப்பாங்க.”

வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில், காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து தோட்டத்தைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எடுத்தார்களாம். பெரியதம்பிக்கு நம்பர் முப்பத்தேழு. தினம் மாலை ஆறு மணிக்கு இந்த மேசைக்கு முன்னால் நின்று, ரைபிளைக் காட்டி, நம்பரைச் சொல்ல வேண்டும். சின்னத்தொரை பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் காவல்.

“ஒரு நாள் ரைபிளைக் காணலை. காட்டுக்காரங்களுக்கு வித்துட்டான்னு தொரை சொல்லிட்டாரு. ஒளிச்சு வச்சது யாருன்னு இப்பத்தானே தெரியுது, கூரை அவரு கூரைதானே. பெரியப்பா எட்டு நாள் ஆறு மணிக்கு வெறுங்கையோட வந்து நின்னாராம். தொரை கையெழுத்தும் போடலை, போன்னும் சொல்லலை. ஒன்பதாம் நாளு புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடிச்சிட்டாரு.”

“ஆறு மணின்னு சொல்றீங்க. இங்க ஆறரைக்குல்ல வருது?”

“எம்பத்திரண்டுல நாட்டுல மணியை அரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சாங்கள்ல? அவரு செத்து முப்பது வருஷம் கழிச்சு. யாருங்க போய் அவருகிட்ட சொல்றது?”

சின்னத்தம்பி கிளம்பும்போது கணேசமூர்த்தியை ஏற இறங்கப் பார்த்தார். “சும்மா கிடந்தவரு, பூசை போட்டதும் வேலைக்கு வந்துட்டாரு. நீங்க வேற அந்தத் தொப்பியும் அரைக்கால் சட்டையுமா அதே நாற்காலியில உக்காந்திருக்கீங்க. அவருக்கு என்ன தெரியும், பாவம்.”

அன்றிரவு சாப்பாட்டின்போது பவானேஸ்வரி சொன்னாள். “கையெழுத்துத்தானே கேக்குறாரு. போட்டு அனுப்புங்களேன்.”

“ரைபிளைப் பெற்றுக்கொண்டேன்னு என் கையாலயே எழுதித் தரச் சொல்றியா? கோர்ட்டுல அதுதான் முதல் சாட்சி! பதினாலு வருஷம்டி!”

“அப்ப வாங்க, போயிடலாம்.”

“போனா? ரைபிள் என் பேர்ல இருக்கிற பங்களாவுல நிக்கும். இன்னும் ரெண்டு வாரத்துல திறப்புவிழா. பத்திரிகை அடிச்சாச்சு.”

அவள் தட்டைக் கழுவி வைத்தாள். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கா பத்துவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

தொப்பியையும் காக்கியையும் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, கணேசமூர்த்தி வேட்டி கட்டிக்கொண்டார். நாற்காலியைப் பின்கட்டில் கொண்டுபோய்ப் போட்டார். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு கேட்டார். பூட்ஸ் வந்தது. நின்றது. காத்திருந்தது. ஒருவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற மௌனம் கதவின் அடி வழியாக உள்ளே வந்து படுத்தது. எட்டாம் நாள் அந்தக் கசப்பு வாடை சோற்றிலும் ஏறிவிட்டது. பதிவேட்டில் எட்டு வரி. எட்டிலும் கையொப்பம் காலி.

எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் அவர் காலையிலேயே குத்புதீனுக்குப் போன் போட்டார். “பாய், வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க.” குத்புதீன் கடையை அடைத்துவிட்டு மாலை வருவதாகச் சொன்னார். நாலு மணிக்கு மழை பிடித்தது. சாலையில் மரம் விழுந்துவிட்டதாகக் குத்புதீனிடமிருந்து செய்தி வந்தது. ஆறு மணிக்கு மின்சாரம் போனது. செம்பனை ஓலைகளில் மழை விழும் சத்தம், யாரோ கூட்டமாகக் கைதட்டுவது போல. அறை சாம்பல் நிறத்தில் மூழ்கியது. கணேசமூர்த்தி கூடத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் வலித்தது. பின்னால் கைவைத்துத் தடவி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பிரம்பு நாற்காலி.

தொடையில் குளிர் அடித்தது. குனிந்து பார்த்தார். காக்கி.

மெதுவாகக் கையைத் தூக்கித் தலையைத் தொட்டார்.

தொப்பி இருந்தது.

சரக்.

சரக்.

சரக்.

மழைச் சத்தத்துக்கு நடுவே சரளைக்கல் தெளிவாகக் கேட்டது. படி. வாசல். பலகை முனகியது, இம்முறை தாமதிக்காமல். கணேசமூர்த்தி எப்படி மேசைக்கு அடியில் போனார் என்று அவருக்கே தெரியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தொப்பி மேசைப் பலகையில் இடிக்க, கண்ணைத் திறந்தபடியே இருந்தார். மூட முடியவில்லை.

பூட்ஸ் இரண்டும் மேசைக்கு முன்னால் வந்து நின்றன. தண்ணீர் சொட்டியது. கணுக்காலுக்கு மேல் காக்கிப் பட்டை சுற்றியிருந்தது. அதற்கு மேல் மேசை விளிம்பு மறைத்தது.

கவாத்தில் போல, ரைபிள் மரத்தில் உள்ளங்கை அறையும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

“முப்பத்தேழு, தொரை.”

குரல் அல்ல, காற்று. நெடுநாள் தொண்டையில் எதையோ விழுங்கி வைத்திருப்பவனின் காற்று.

கணேசமூர்த்தி முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“முப்பத்தேழு, தொரை.”

மேலே பென்சில் உருளும் சத்தம். உருண்டு வந்து விளிம்பைத் தாண்டி, கணேசமூர்த்தியின் காலருகே விழுந்தது.

பிறகு முழங்கால்கள் மடியத் தொடங்கின.

அவன் குனிகிறான்.

“வேணாம்!” என்றார் கணேசமூர்த்தி. “போடுறேன்! கையெழுத்துப் போடுறேன், குனியாதீங்க!”

முழங்கால்கள் பாதியில் நின்றன. மேசை விளிம்புக்குக் கீழே ஒரு கை இறங்கியது. நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. அது பதிவேட்டைத் தரையில் வைத்து, இரண்டு விரலால், மிகுந்த மரியாதையோடு, அவர் பக்கம் தள்ளியது. ஒன்பதாவது வரி எழுதித் தயாராக இருந்தது: ரைபிள் தொரையிடம் ஒப்படைக்கப்பட்டது.

பதினாலு வருஷம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. கை அதற்குக் காத்திருக்கவில்லை. நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் போட்ட, வாலை இரண்டு முறை சுழிக்கிற அதே கையெழுத்தைப் போட்டது.

குதிகால்கள் மோதின. பூட்ஸ் திரும்பி நடந்தது. சரளைச் சத்தம் மழைக்குள் கரைந்தது.

மறுநாள் குத்புதீன் வந்துதான் அவரை மேசைக்கு அடியிலிருந்து எடுத்தார். அவரே போலீசுக்குப் போன் போட்டார். இன்ஸ்பெக்டர் தினேஷ்வரன் ஜாசினிலிருந்து வந்து சேர மாலை ஆறு தாண்டிவிட்டது. கையுறை போட்டு ரைபிளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்ப சார் கிடைச்சது?”

“நேத்து,” என்றார் கணேசமூர்த்தி.

“நேத்துக் கிடைச்ச சாமானு இப்படியா மின்னும்? பொருத்துவாயில குங்குமம் வேற ஒட்டியிருக்கு.”

குத்புதீன் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார். நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“யாரு இந்தப் பெரியதம்பி?”

“காவல்காரரு,” என்றார் கணேசமூர்த்தி. அது பொய்யில்லை.

“எட்டு நாளா ரைபிள் அவரு காவல்ல இருந்திருக்கு. உங்க கைக்கு வந்தது நேத்து சாயங்காலம். இன்னிக்குக் காலையில போன் போட்டுட்டீங்க. தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு.” இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “நல்ல வேளை சார், இந்தப் பக்கம் மட்டும் இல்லாட்டி இப்பவே உங்களை வண்டியில ஏத்தியிருப்பேன். பதிவேட்டை எடுத்துட்டுப் போறேன். சாட்சியம்.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே தலைவர் பதவியும் வந்தது. கணேசமூர்த்தி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “நேற்று மாலை அவரை நான் நின்றபடியே எதிர்கொண்டேன், இன்ஸ்பெக்டர். ஒரு தலைவனுக்கு உரிய...”

“குறிப்புன்னு ஒரு பத்தி இருக்கே,” என்றார் இன்ஸ்பெக்டர், விரலை வைத்துக்கொண்டு. “‘தொரை மேசைக்கு அடியில் இருந்தார். காற்சட்டை ஈரம்.’”

கணேசமூர்த்தி தொப்பியைக் கழற்றினார்.

“அந்தப் பத்தியை மட்டும் கிழிச்சிட முடியுமா தம்பி?”

“கிழிச்சா பக்கமே கிழியும், தேதியும் போயிடும் சார். அப்புறம் நானா ஒரு தேதி கண்டுபிடிக்கணும். குங்குமத்துலேருந்து ஆரம்பிப்பேன்.”

கணேசமூர்த்தி யோசித்தார். “இருக்கட்டும்.”

“ஸ்டேஷன்ல இதை மலாய்ல மாத்தி டைப் பண்ணுவோம். மூணு பிரதி. அந்தப் பெரியதம்பியையும் ஒரு தடவை பாக்கணுமே. எத்தனை மணிக்கு வருவாரு?”

சுவர்க் கடிகாரத்தில் ஆறரை.

வெளியே, புல்தரையில், சரளைக்கல் நெரிபட்டது. சரக், சரக், சரக். இன்ஸ்பெக்டர் “இதோ வந்துட்டாரே” என்று சொல்லி வாசலுக்குப் போனார். குத்புதீன் சட்டைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் முன்பிருந்த நிறம் இல்லை.

கையிலிருந்த பதிவேட்டை விரித்தார். ஒன்பதாவது வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பென்சில் எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

6.00. எண் 37. பெரியதம்பி. ரைபிள் இல்லை. காவல் தொடர்கிறது.

குறிப்புப் பத்தியில்: தொரையின் காற்சட்டை இன்றும் ஈரம்.

இன்ஸ்பெக்டரும் குத்புதீனும் குனிந்து பார்த்தார்கள். ஈரமாகத்தான் இருந்தது.